கஸ்டம் மெக்கானிக்கல் கீபோர்டு வயர்டா வாங்கறதா, வயர்லெஸ்ஸா வாங்கறதா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். முதல் கஸ்டம் கீபோர்டு (பாகம் பாகமா நாமளே தேர்ந்து கட்டறது), 75 சதவீத சைஸ் (நம்பர் பேட் இல்லாத சின்ன அளவு), அலுமினியம் கேஸ், பட்ஜெட் 18,000 ரூபா, வாரத்துல மூணு நாள் வீட்டுலேர்ந்து வேலை, ரெண்டு நாள் ஆபீஸ், ராத்திரி கொஞ்ச நேரம் வாலரண்ட் கேம், "புளூடூத்ல லேக் வரும்னு எல்லாரும் சொல்றாங்க, பேசாம வயர்டே வாங்கிடவா"ன்னு கேட்டிருக்கீங்க. மேலாப்புல பாத்தா லேக், அதாவது கீ அமுக்கினதுக்கு அப்புறம் ஆகற தாமதம், பத்தின கேள்விதான். ஆனா கடைசி வரில "ஒரு தடவ வாங்கினா பல வருஷம் வெச்சுக்கணும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, உண்மையில நீங்க கேக்கறது அதத்தான்னு எனக்குத் தோணுது. அதுக்கு லேக் பத்தி மட்டும் பேசினா பத்தாது.

நான் ஈசிஇ படிச்சுட்டு கோயம்புத்தூர்ல எம்பெடட் வேலைல இருக்கேன், 2018-லேர்ந்து கீபோர்டு கட்டறேன், எனக்கும் தெரிஞ்சவங்களுக்கும் சேத்து இதுவரைக்கும் ஒரு அறுபது போர்டு கை வழியா போயிருக்கும், அதுல மூணுல ஒரு பங்கு வயர்லெஸ். அதனால கீழ சொல்றதுல சிலது ஸ்பெசிஃபிகேஷன்லயே இருக்கற விஷயம், யார் அளந்தாலும் அப்படித்தான் வரும். சிலது இந்த அறுபது போர்டுல நான் பாத்தது மட்டும். ரெண்டையும் கலக்காம எது எதுன்னு சொல்லிட்டே போறேன்.

முதல்ல லேக்க முடிச்சிடலாம். யூஎஸ்பி வயர்ல கம்ப்யூட்டர் கீபோர்ட 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ "ஏதாவது இருக்கா"ன்னு கேக்கும், அதத்தான் 1000 ஹெர்ட்ஸ்னு டப்பால போடறாங்க. புளூடூத் லோ எனர்ஜில ரெண்டு பக்கமும் ஒரு இடைவெளி பேசி வெச்சுக்கும், அந்த இடைவெளிக்கு ஒரு தடவதான் சந்திப்பு, அது புளூடூத் 6.2-க்கு முந்தின ஸ்பெக்படி குறைஞ்சது 7.5 மில்லிசெகண்ட், நடைமுறைல 7.5-லேர்ந்து 15 வரைக்கும் போகும், கடைசியா முடிவு பண்றது கம்ப்யூட்டர் பக்கம்தான், கீபோர்டு கேக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. டவுன் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நெனைச்சுக்கோங்க, பஸ் போன உடனே ஸ்டாப்புக்கு வந்தா முழு இடைவெளியும் நிக்கணும், பஸ் வர்ற நேரத்துக்கு வந்தா நிக்கவே வேண்டாம், சராசரியா பாதி. அப்போ புளூடூத்தால கூடுதலா ஆகறது சராசரியா 4-லேர்ந்து 8 மில்லிசெகண்ட். கீக்ரான் க்யூ1 ப்ரோ மாதிரி போர்டோட ஸ்பெக்ல வயர்ல 1000 ஹெர்ட்ஸ், புளூடூத்ல 90 ஹெர்ட்ஸ்னு போட்டிருப்பாங்க, 90 ஹெர்ட்ஸ்னா கிட்டத்தட்ட 11 மில்லிசெகண்ட், கணக்கு சரியா வருதா.

இத மத்ததோட வெச்சுப் பாருங்க. ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கற தகடு ஒட்டும்போது ஒரு சில மில்லிசெகண்ட் துள்ளும், அந்தத் துள்ளல ரெண்டு தடவ அடிச்சதா எடுத்துக்காம இருக்க ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ள ஓடற மென்பொருள்) கொஞ்சம் காத்திருக்கும், க்யூஎம்கேங்கற ஃபர்ம்வேர்ல அது டிஃபால்ட்டா 5 மில்லிசெகண்ட். உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேம் மாறவே 16.7 ஆகும். கோடு அடிக்கறவங்களுக்கு, மெயில் அடிக்கறவங்களுக்கு, என்ன மாதிரி தமிழ்ல பக்கம் பக்கமா அடிக்கறவங்களுக்கு, இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. வாலரண்ட்ல தெரியுமா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வெச்சு சீரியஸா ஆடறீங்கன்னா புளூடூத் வேண்டாம். சராசரிய விட, ஒரு பாக்கெட் தவறி திரும்ப அனுப்பும்போது அடுத்த பஸ்ஸுக்கு நிக்க வேண்டி வரும் பாருங்க, அந்த ஏத்த இறக்கம்தான் கைய உறுத்தும். ஆனா டாங்கிள் (யூஎஸ்பில சொருகற சின்ன ரிசீவர்) போடற 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் வேற ஜாதி, அது அந்தந்த கம்பெனி சொந்தமா வெச்சிருக்கற ரேடியோ முறை, நல்லதா பண்ணின போர்டுல அதுவும் 1000 ஹெர்ட்ஸ் ஓடும், அதுல ஆடலாம். "வயர்லெஸ்னா லேக்"னு பொத்தாம்பொதுவா சொல்றவங்க இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கறாங்க.

அப்போ எல்லாரும் லேக் லேக்னு சொல்றது எத? என்கிட்ட வந்து அப்படிச் சொன்னவங்கள்ல முக்காவாசிப் பேர் சொன்னது தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்கற நேரத்த. பேட்டரிய மிச்சம் பிடிக்க கீபோர்டு தூங்கப் போகும், வயர்லெஸ் போர்டுல ஓடற இசட்எம்கேங்கற ஃபர்ம்வேர்ல ஆழ்ந்த தூக்கத்த ஆன் பண்ணி வெச்சா டிஃபால்ட்டா 15 நிமிஷம் கை வைக்கலன்னா தூங்கிடும். காபி குடிச்சுட்டு வந்து பாஸ்வேர்டு அடிப்பீங்க, முதல் கீ போர்ட எழுப்பும், திரும்ப கனெக்ட் ஆக ஒரு செகண்ட் போல ஆகும், முதல் ஒண்ணு ரெண்டு எழுத்து போயிடும், திரைல புள்ளி புள்ளியாதான் தெரியும்ங்கறதால எத்தன எழுத்து விழுந்துச்சுன்னு கவனிக்க மாட்டீங்க, "தப்பான பாஸ்வேர்டு"ன்னு வரும். ஒரு நாளைக்கு நாலு தடவ இது நடந்தா கீபோர்டு மேலயே வெறுப்பு வந்துடும். இதுக்கு வழி சுலபம், உக்காந்த உடனே ஷிஃப்ட ஒரு தடவ தட்டிட்டு அப்புறம் அடிக்க ஆரம்பிங்க, இல்ல தூங்கற நேரத்த ஒரு மணி நேரமா ஏத்தி விடுங்க.

அடுத்து இடைஞ்சல். இது பல பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல சொருகின ஹார்டு டிஸ்க்கும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே இரைச்சல் கக்கும், இன்டெல்லே 2012-ல இத அளந்து ஒரு வெள்ளை அறிக்கை போட்டிருக்காங்க. ஒருத்தருக்கு நான் கட்டிக் குடுத்த போர்டு ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு, "எழுத்து முழுங்குது, சில சமயம் ஒரே எழுத்து வரிசையா ஓடுது"ன்னாரு, என் டேபிள்ல மூணு நாள் வெச்சுப் பாத்தேன், ஒரு குறையும் இல்ல. அவர் வீட்டுக்கே போய்ப் பாத்தா சிபியு தரைல இருக்கு, டாங்கிள் பின்பக்கம் நீல போர்ட்ல, அதுக்கு ஒட்டின போர்ட்லயே பேக்கப் எடுக்கற ஹார்டு டிஸ்க், நடுவுல மரப் பலகையும் இரும்பு கேஸும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிள மேஜை மேல, கீபோர்டுலேர்ந்து ஒரு சாண் தூரத்துல கொண்டு வந்து வெச்சோம், அன்னையோட நின்னுச்சு. போர்டு மேல பழி போடறதுக்கு முன்னாடி முதல்ல இதப் பாருங்க.

இதோட சேந்ததுதான் நீங்க கேட்ட அலுமினியம் கேஸ். உலோகப் பெட்டிக்குள்ள ஆன்டெனாவ வெச்சா சிக்னல் வெளிய வராது, இதுல சந்தேகத்துக்கே இடம் இல்ல, பிசிக்ஸ். அதனால வயர்லெஸ் அலுமினியம் போர்டு பண்றவங்க பின்பக்கம் யூஎஸ்பி போர்ட் இருக்கற இடத்துல ஒரு பிளாஸ்டிக் துண்டு விட்டு அது வழியா ஆன்டெனாவுக்கு ஜன்னல் வெப்பாங்க. மேல கீகேப் பக்கமும் கொஞ்சம் கசியும், அதுலயும் ஸ்விட்ச் மாட்டற பிளேட் அலுமினியமா பித்தளையா இருந்தா அந்த வழியும் அடைபடும், பாலிகார்பனேட் பிளேட்னா பரவால்ல. வயர்டு கேஸ் ஒண்ண வாங்கி அதுக்குள்ள வயர்லெஸ் பிசிபி (சர்க்யூட் போர்டு) போட்டுக்கலாம்னு சிலர் நெனைப்பாங்க, நானும் ஒரு தடவ ஒருத்தர் ஆசைப்பட்டாருன்னு பண்ணிப் பாத்தேன், ரெண்டு அடி தூரத்துல ஓடுச்சு, குறுக்க கை வெச்சா கட் ஆச்சு. வயர்லெஸ் வேணும்னா கேஸே அதுக்குன்னு வடிவமைச்சதா இருக்கணும்.

இப்போ நான் உண்மையில பேச நெனைச்ச விஷயம், பேட்டரி. ஒரு நல்ல வயர்டு கஸ்டம் போர்டுல வயசாகற பாகம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்விட்ச் தேஞ்சா ஹாட்ஸ்வாப் சாக்கெட்லேர்ந்து, சால்டர் வேலையே இல்லாம, பிடுங்கி மாத்தலாம், கீகேப் பளபளன்னு ஆயிட்டா மாத்தலாம், கேபிள் போனா நூறு இருநூறு ரூபா, யூஎஸ்பி போர்ட் தனி டாட்டர்போர்டுல (குட்டி சர்க்யூட் போர்டுல) இருந்தா அத மட்டும் மாத்தலாம். அலுமினியம் உங்க பசங்க காலத்துக்கும் இருக்கும். வயர்லெஸ்ல மட்டும் உள்ள ஒரு லித்தியம் பேட்டரி உக்காந்திருக்கு, அது செஞ்ச நாள்லேர்ந்து வயசாகிட்டே வருது, நீங்க பயன்படுத்தினாலும் இல்லன்னாலும்.

போன வருஷம் ஒரு தம்பி திருப்பூர்லேர்ந்து அவரோட போர்ட எடுத்துட்டு வந்தாரு, "ஸ்பேஸ்பார் ஒரு பக்கம் மட்டும் கடகடங்குது, லூப் பண்ணி, கிரீஸ் தடவிக் குடுங்க"ன்னாரு. மேஜைல வெச்சு கண்ண பக்கவாட்டுல கொண்டு போய்ப் பாத்தேன், கீழ் வரிசை மட்டும் லேசா மேல எழும்பியிருக்கு, நடுவுல மேடு தட்டின மாதிரி. திறந்தா பேட்டரி பை தலகாணி மாதிரி உப்பி பிசிபிய கீழேருந்து தள்ளிட்டு நிக்குது. நாலு வருஷம் ஆன போர்டு. அவர் அத ஒரு நாள் கூட வயர்லெஸ்ஸா ஓட்டினதில்ல, வாங்கின நாள்லேர்ந்து கேபிள்லயே இருந்திருக்கு, ஜன்னலோரம் டேபிள், சாயங்கால வெயில் நேரா விழற இடம். லித்தியம் பேட்டரிக்கு ரெண்டு விஷயம் ஆகாது, ஒண்ணு எப்பவும் 4.2 வோல்ட்ல முழு சார்ஜ்ல நிக்கறது, இன்னொண்ணு சூடு, இது ரெண்டும் சேந்தே நாலு வருஷமா நடந்திருக்கு. இந்த மாதிரி உப்பினது இதுவரைக்கும் மூணு பாத்திருக்கேன், மூணுமே எப்பவும் கேபிள்லயே இருந்த போர்டு, மூணுங்கறது சின்ன எண்ணிக்கைதான், இத வெச்சு சதவீதம் எல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா பேட்டரி அப்படித்தான் வயசாகும்ங்கறது நிச்சயம். அதனாலதான் "வயர்லெஸ் வாங்கிடறேன், வேணும்னா கேபிள் போட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா நான் உடனே தடுப்பேன். எப்பவும் கேபிள்லதான் இருக்கப் போகுதுன்னா அந்தப் பேட்டரி உங்களுக்கு எந்த உபகாரமும் பண்ணாம உள்ள உக்காந்து கெட்டுப் போகும். உப்பின பேட்டரிய குத்தறது, அமுக்கறது, குப்பைல போடறது எதையும் செய்யாதீங்க, கழட்டி இ-வேஸ்ட் எடுக்கற இடத்துல குடுத்துடுங்க.

எவ்வளவு நாள் சார்ஜ் நிக்கும்ங்கறது லைட்டப் பொறுத்தது, வேற எதையும் விட. டபிள்யூஎஸ்2812 வகை ஆர்ஜிபி எல்இடி போட்ட போர்டா இருந்தா, லைட்ட அணைச்சு வெச்சாலும் ஒவ்வொரு எல்இடியும் உள்ள இருக்கற சின்ன சிப்புக்காக கிட்டத்தட்ட 1 மில்லிஆம்ப் குடிச்சிட்டே இருக்கும். 75 சதவீதப் போர்டுல 82 கீன்னா 82 மில்லிஆம்ப், 4000 எம்ஏஹெச் பேட்டரின்னா இருட்டுல சும்மா இருந்தே ரெண்டு நாள்ல காலி. இதுக்குத்தான் நல்ல டிசைன்ல எல்இடிக்குப் போற கரண்ட்டையே மொத்தமா வெட்டற ஸ்விட்ச் சர்க்யூட் இருக்கும், இல்லன்னா தனி டிரைவர் ஐசி போட்டிருப்பாங்க. லைட்டே இல்லாத போர்டுன்னா கதையே வேற, நைஸ் நானோங்கற கன்ட்ரோலர் போட்ட, ரெண்டு பாதியா பிரிஞ்ச ஒரு சின்ன ஸ்ப்ளிட் போர்டு என்கிட்ட இருக்கு, ஒவ்வொரு பாதிலயும் தீப்பெட்டிக்குள்ள அடங்கற 110 எம்ஏஹெச் பேட்டரிதான், வலது பாதி வாரக்கணக்குல ஓடும், கம்ப்யூட்டரோட பேசற வேலை இடது பாதிக்குங்கறதால அது சீக்கிரம் இறங்கும்.

பேட்டரி நீங்களே வாங்கிப் போடற மாதிரி கிட்டுன்னா இன்னொரு எச்சரிக்கை. ஜேஎஸ்டின்னு சொல்ற அந்தச் சின்ன வெள்ளை கனெக்டர்ல சிவப்பு எந்தப் பக்கம் கறுப்பு எந்தப் பக்கம்னு பொதுவான ஒழுங்கே கிடையாது, ஒரு கடைக்காரர் ஒரு மாதிரி, இன்னொருத்தர் தலைகீழா. பிளக் அழகா போய் உக்காரும், போர்டு போயிடும். எனக்கு ஒரு கன்ட்ரோலர் இப்படிப் போச்சு, ஒரு நொடி, ஒரு சின்ன வாசனை, அவ்வளவுதான். சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, பிசிபில பிளஸ் குறி எங்கன்னு பாருங்க, மாறியிருந்தா கனெக்டர்லேர்ந்து பின்ன ஊசியால நெம்பி எடுத்து இடம் மாத்திப் போடலாம், ரெண்டு நிமிஷ வேலை. பின்ன ஒவ்வொண்ணா எடுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல வெளிய விட்டா ஒண்ணோட ஒண்ணு பட்டு ஷார்ட் ஆகும்.

வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கறதா இருந்தா அதுவும் இங்கதான் மாட்டும். தனியா வர்ற லித்தியம் பேட்டரிய பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தக் கூடாதுன்னு 2016 ஏப்ரல்லேர்ந்து தடை இருக்கு, சரக்கு விமானத்துல போனாலும் 30 சதவீத சார்ஜுக்கு மேல இருக்கக் கூடாது, அதனாலதான் பல கிட் பேட்டரி இல்லாம வருது. அது போக, ரேடியோ உள்ள பொருள இந்தியாவுக்குள்ள கொண்டு வர தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூபிசி பிரிவு குடுக்கற ஈடிஏ அப்ரூவல் வேணும், வயர்டு போர்டுக்கு இந்தப் பேச்சே இல்ல. ஸ்டாக்ஸ்கேபி, மெக்கீஸ் மாதிரி இங்கயே இருக்கற கடைல வாங்கினா இந்தத் தலைவலி உங்களுக்கு வராது, முதல் போர்டுக்கு அதத்தான் சொல்லுவேன், விலை கொஞ்சம் கூட இருந்தாலும்.

பல வருஷம்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு பேட்டரிக்கு அடுத்து ஃபர்ம்வேர். வயர்டு கஸ்டம்ல பெரும்பாலும் க்யூஎம்கே, அது ஜிபிஎல் லைசன்ஸ்ல (மாத்தி வித்தா சோர்ஸையும் குடுக்கணும்) உள்ள ஓப்பன் சோர்ஸ், நீங்க வாங்கின கம்பெனி மூடிட்டுப் போனாலும் சோர்ஸ் இருக்கும், பத்து வருஷம் கழிச்சும் ஒரு கீய மாத்தி கம்பைல் பண்ணலாம், வயா ஆப்ல மவுஸால க்ளிக் பண்ணியே மாத்தலாம். வயர்லெஸ்ல சிக்கல் என்னன்னா, புளூடூத் சிப்புக்கு அந்தச் சிப் கம்பெனி குடுக்கற லைப்ரரி பெரும்பாலும் மூடின சரக்கு, நார்டிக்ங்கற சிப் கம்பெனியோட சாஃப்ட்டிவைஸ் மாதிரி, அத ஜிபிஎல் கோடோட சேத்து வெளியிட லைசன்ஸ் இடம் குடுக்காது. அதனால சில கம்பெனிங்க க்யூஎம்கேய எடுத்து வயர்லெஸ் ஒட்டு போட்டு சோர்ஸ வெளியிடாமலே விக்கறாங்க. இது லைசன்ஸ மீறறது மட்டும் இல்ல, நாளைக்கு அதுல ஒரு பக் வந்தா உங்களுக்கு அவங்கள விட்டா வேற நாதி இல்ல. இதுக்கு நேர்மையான வழியா வந்ததுதான் இசட்எம்கே, எம்ஐடி லைசன்ஸ் (அந்தக் கட்டாயம் இல்லாதது), ஸெஃபைர்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் மேல கட்டினது, நார்டிக் என்ஆர்எஃப்52840 சிப்புல அருமையா ஓடுது. முன்னாடி அதுல கீமேப் மாத்தணும்னா ஃபைல எடிட் பண்ணி ஃப்ளாஷ் பண்ணணும், 2024 கடைசில இசட்எம்கே ஸ்டுடியோ வந்த பிறகு அதுவும் சுலபமாயிடுச்சு. வாங்கறதுக்கு முன்னாடி "இந்தப் போர்டோட ஃபர்ம்வேர் சோர்ஸ் எங்க இருக்கு"ன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க, லிங்க் குடுத்தா நல்லது, மழுப்பினா எனக்கு அந்தப் போர்டு வேண்டாம்.

தமிழ் அடிப்பீங்களான்னு நீங்க எழுதல, ஆனா இங்க தமிழ்ல கேட்டதால சொல்றேன். 1999-ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு தரமா அறிவிச்ச தமிழ்99-ஓ, போனெட்டிக்கோ, எதுவா இருந்தாலும் எழுத்த மாத்தற வேலைய கம்ப்யூட்டர்தான் பண்ணுது, கீபோர்டு அனுப்பறது இந்த இடத்துல இருக்கற கீ அமுங்குச்சுங்கற எண்ண மட்டும், அதனால வயரா வயர்லெஸ்ஸாங்கறது தமிழுக்கு ஒரு வித்தியாசமும் பண்ணாது. ஒரே ஒரு விலக்கு, கீபோர்டுக்குள்ளயே யூனிகோடு மேக்ரோ வெச்சு அடிக்கறவங்க. லினக்ஸ்ல ஒரு "க" வரணும்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் யு, அப்புறம் 0, b, 9, 5, ஒரு ஸ்பேஸ், இத்தனையும் போகணும், ஒவ்வொரு கீக்கும் அமுக்கினது விட்டதுன்னு ரெண்டு செய்தி. வயர்ல கண் இமைக்கறதுக்குள்ள முடியும், புளூடூத்ல இழுத்து இழுத்து வரும், வேகமா அடிச்சா குழம்பும். அப்படி அடிக்கறவர்னா வயர்டுதான்.

பாதுகாப்பு பத்தியும் ஒரு வார்த்தை, ஆபீஸ் லேப்டாப்னு சொன்னதால. 2016-ல பாஸ்டில்ங்கற கம்பெனி ஆட்கள் மவுஸ்ஜாக்னு ஒண்ணக் காட்டினாங்க, அப்போ சந்தைல இருந்த பல 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுக்கு வெளியேருந்து போலியா கீ அனுப்ப முடிஞ்சுது. 2023 டிசம்பர்ல மார்க் நியூலின்ங்கற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் புளூடூத்லயே ஒரு ஓட்டைய வெளியிட்டாரு, அனுமதி கேக்காமலே போலி கீபோர்டு ஒண்ணு போய் ஒட்டிக்க முடிஞ்சுது, அது கம்ப்யூட்டர், போன் பக்கத்து ஓட்டை, அப்டேட் போட்டு அடைச்சாங்க, நீங்க வயர்டு கீபோர்டு வெச்சிருந்தாலும் புளூடூத் ஆன்ல இருந்தா அது பொருந்தலாம். வீட்டுல உக்காந்திருக்கறவர் இதுக்காக வயர்லெஸ்ஸ ஒதுக்க வேண்டியதில்ல. ஆனா சில ஆபீஸ்ல புளூடூத்தையும் தெரியாத டாங்கிளையும் ஐடி டிபார்ட்மென்ட் தடுத்து வெச்சிருப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் திரையும், டிஸ்க் என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டு திரையும் பெரும்பாலான பிசில புளூடூத் கீபோர்ட அடையாளம் கண்டுக்காது, டாங்கிளும் வயரும் வேலை செய்யும்.

சத்தம், கை உணர்வு பத்திக் கேட்டிருந்தீங்க. பேட்டரி உள்ள உக்கார இடம் வேணும், அதனால பிசிபிக்குக் கீழ உள்ள காலி இடம் நெறையும், சத்தம் கொஞ்சம் அடங்கினாப்புல வரும். ஒரே மாதிரி கேஸ் வயர்டும் வயர்லெஸ்ஸும் ரெண்டும் கட்டினதுல எனக்கு வயர்டு கொஞ்சம் திறந்த சத்தமா கேட்டுச்சு, ஆனா இது என் காது, அளவெடுத்தது இல்ல, ஸ்விட்ச்சும் பிளேட்டும் மாத்தினா வர்ற வித்தியாசம் இத விட பல மடங்கு பெருசு. இத வெச்சு முடிவு எடுக்காதீங்க.

வயர்டு வாங்கினா ஒரு சின்ன விஷயம் பாத்துக்கோங்க, சி-டு-சி கேபிள்ல ஓடுதான்னு. டைப் சி போர்ட் வெச்ச மலிவு கன்ட்ரோலர் பலதுல 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் ரெண்ட விட்டுடுவாங்க, அந்தப் போர்டு ஏ-டு-சி கேபிள்ல ஜம்முனு ஓடும், புது லேப்டாப்ல சி-டு-சி போட்டா உயிரே வராது. போர்டு செத்துப் போச்சுன்னு என்கிட்ட வந்ததுல ரெண்டு இதுதான்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். 75 சதவீத அலுமினியம் போர்டு ஸ்விட்ச், கீகேப் எல்லாம் போட்டா ஒண்ணே முக்கால், ரெண்டு கிலோ வரும். அத வாரம் ரெண்டு நாள் லேப்டாப்போட சேத்துத் தோள்ல போட்டு பஸ்லயோ பைக்லயோ போவீங்களா? நான் கட்டிக் குடுத்ததுல "ஆபீஸுக்கும் எடுத்துட்டுப் போகணும், அதனால வயர்லெஸ்"னு கேட்டவங்க நெறைய பேர், ரெண்டு மாசம் கழிச்சும் தூக்கிட்டுப் போறவங்க ஒண்ணு ரெண்டு பேர்தான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ரெண்டு கிலோ அரிசி பாக்கெட்ட பைல போட்டு ஆபீஸ் போய்ட்டு வாங்க, நெஜமாத்தான் சொல்றேன், தோளு பதில் சொல்லிடும்.

என் யோசனை, வீட்டு மேஜைல நிரந்தரமா இருக்கப் போற போர்டு வயர்டு, நல்ல அலுமினியம், ஹாட்ஸ்வாப், க்யூஎம்கே, 12,000 13,000-க்குள்ள முடிங்க. மிச்சத்துல ஆபீஸுக்கு ஒரு லேசான பிளாஸ்டிக் ட்ரை-மோட் போர்டு, அதுல புளூடூத், டாங்கிள், வயர் மூணும் இருக்கும், லேப்டாப்புக்கும் போனுக்கும் மாறி மாறி அடிக்க அதுதான் சௌகரியம், நாலு வருஷத்துல அதோட பேட்டரி போனாலும் மனசு அடிச்சுக்காது. இல்ல, ஒரே போர்டுதான், அது வயர்லெஸ்ஸாத்தான் இருக்கணும்னா தாராளமா வாங்குங்க, ஆனா வாலரண்ட்டுக்கு 2.4 டாங்கிள் இருக்கணும், பேட்டரி கனெக்டர்ல கழட்டற மாதிரி இருக்கணும், பசை போட்டு ஒட்டி நேரா பிசிபில சால்டர் பண்ணினது வேண்டாம், எல்லாத்துக்கும் மேல பேட்டரிய முழுசா கழட்டிட்ட பிறகும் கேபிள்ல அந்தப் போர்டு ஒழுங்கா ஓடணும். சில போர்டு பேட்டரி இல்லன்னா எழுந்திருக்கவே எழுந்திருக்காது, அது பல வருஷம் வெச்சுக்கற போர்டு இல்ல. கடைக்காரர்கிட்ட இதக் கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. வாங்கின பிறகு மாசத்துல ரெண்டு மூணு தடவ சார்ஜ் போட்டுட்டுக் கேபிளக் கழட்டிடுங்க, ஜன்னல் வெயில்ல வைக்காதீங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ அடி மூடியத் திறந்து பேட்டரி தட்டையா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க.

நீங்க ரெண்டு மாடல் பாத்து வெச்சிருக்கறதா எழுதியிருந்தீங்க, பேர் போடல. பேரும், முடிஞ்சா பேட்டரி கனெக்டர் தெரியற மாதிரி உள்பக்க போட்டோவும் கீழ போடுங்க, பாத்துச் சொல்றேன்.